நீர்வழி காட்டும் நிலப்படம்

திருவான்மியூருக்குத் தென்மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. சேறும் கோரையும் மிக்க இத்தகைய நிலத்தில் சங்கிலி பிடித்து அளத்தல் அரிது. எனினும், ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், ஏனைப் பக்கங்களைக் கணக்கினால் அறியலாம். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார், பரங்கிமலையருகிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ 7½ மைல் நீளத்தை எஃகுச் சங்கிலியால் நுட்பமாக அளந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு முக்கோணங்கள் விரிந்தன.

நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக் கோடு. அக்கோடுகள் காட்டும் சரிவிலேயே நீர் இறங்கும். பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடல் சேரும். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் சதுப்பைச் சூழ்ந்த தாழ்நிலக் குடியிருப்புகள் மூழ்கின. வீடு கட்டுவோர் முதலில் நிலப்படத்தைக் காண்பாராக. நீர் தன் வழியை மறவாது.