அவசரப்படும் தோல்

முழங்காலில் சிவந்து தடித்த இடத்தில் வெள்ளிபோல் மின்னும் செதில் ஒன்றை நகத்தால் பெயர்த்தால், அடியில் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் அரும்பும். மேல்தோலை நோக்கி எழும்பி நிற்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சொரியாசிஸ் என்ற தோல் நோயில் விரிந்து போயிருக்கும். அவற்றின் மேல் மூடியிருக்கும் தோலோ மிக மெல்லியது. அதனால்தான் இந்தப் புள்ளிகள். வியன்னா மருத்துவர் ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

தோலின் அடியடுக்கில் பிறக்கும் ஒரு செல் மெல்ல மேலேறி, தட்டையாகி, தன் உட்கருவை இழந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் இதே பயணம் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடுகிறது. உட்கருவை இழக்கக்கூட அவகாசம் இல்லை. முதிராத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி மேலே வந்து குவிவதுதான் செதில். அவசரப்படுத்துவது நோய் எதிர்ப்பு மண்டலம்: டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17 போன்ற சைகைப் புரதங்கள், ஆறாத காயம் இருப்பதுபோலத் தோலை ஓயாமல் விரட்டுகின்றன. “ரத்தம் கெட்டுப்போச்சு” என்பதில் உண்மை இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. வியன்னாவில் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841இல் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை இந்நோயாளிகள் பலரைத் தொழுநோயாளிகள் என்றே ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஒதுக்கலின் மிச்சம் இன்றும் நம் கல்யாண வீடுகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் இருப்பது மனதை வருத்துகிறது.

அன்றாடத் தோல் பராமரிப்புக்கான காரணம் இன்னொரு விந்தையில் இருக்கிறது. நல்ல தோலில் ஒரு கீறல் விழுந்தால், சில வாரங்களில் அந்தக் கோட்டிலேயே சொரியாசிஸ் முளைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்னவர் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர். பாவாடை நாடா இறுகும் இடுப்பு, பெல்ட் உரசும் இடம், சொறிந்த முழங்கை எல்லாமே இதற்கு இடம்கொடுக்கும். ஆகவே பீர்க்கங்கூட்டால் தேய்த்துச் செதிலை எடுப்பது, எடுத்ததைவிட அதிகமாக வரவழைக்கும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசினால் செதில் இளகித் தானே உதிரும். செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் நான்கு நாளில் விட்டுவிடுகிறார்கள்.

சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்ற பெயரில் இதற்கு வெட்பாலைத் தைலம் தருகிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறுவதைப் பார்க்கவே அழகு. பூசலாம், ஆனால் அதை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென நிறுத்தியவர்களுக்கு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பி உயிருக்கே ஆபத்தாவது உண்டு.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: என்ன சாப்பிடக் கூடாது? கத்தரிக்காய், கருவாடு, மீன் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். ஆராய்ச்சி காட்டும் திசை வேறு. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களை அதுவும் சுரக்கிறது, தோலில் எரியும் தீக்கு அங்கிருந்தும் எண்ணெய் போகிறது. அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட உணவுப் பரிந்துரை அதிகம் வலியுறுத்தியது இதைத்தான்: உடல் எடை கூடியவர்கள், மருந்தோடு சேர்த்து, உணவின் கலோரியைக் குறைத்து இளைக்க வேண்டும். கோதுமையை விடுவது, குளூட்டன் ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையில் அறிகுறி தெரிந்தவர்களுக்கு மட்டும். மீன் எண்ணெய் மாத்திரையை அது பரிந்துரைக்கவில்லை. இரவு மூன்றாவது பரோட்டாவையும் மாலை பஜ்ஜியையும் குறைப்பது, கத்தரிக்காயைத் துறப்பதைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம். மதுவும் புகையும் நோயைக் கிளறும். அவற்றை விட்டே ஆக வேண்டும்.

தோலோடு நகத்தையும் பாருங்கள். நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்து, காலையில் விரல்கள் நெடுநேரம் விறைத்திருந்தாலோ, குதிகால் வலித்தாலோ, அது மூட்டுக்குப் பரவிய சொரியாசிஸாக இருக்கலாம். அரித்துப்போன மூட்டு பழையபடி திரும்பாது. அந்த வலியை அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.