அட்டை ஒன்று சொல்ல, விலை வேறு சொல்ல... தவிக்கும் மண்!

'தழைச்சத்தைக் குறையுங்கள், சாம்பல்சத்தைக் கூட்டுங்கள்' என்கிறது மண்வள அட்டை. அதை வாங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போனால் கதையே வேறு. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி மூட்டையோ 1,350 ரூபாய். விவசாயி எதைத் தூக்கி வருவார்?

இந்த இடைவெளி 2010-ல் பெரிதானது. அந்த ஆண்டு ஏப்ரலில், உரத்தில் உள்ள சத்தின் அளவுக்கேற்ப மானியம் தரும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்கள் அதற்குள் வந்தன, விலையும் ஏறியது. யூரியா மட்டும் வெளியே நின்றது. அதன் விலையை இன்றும் அரசே நிர்ணயிக்கிறது.

யூரியா அதிகமானால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். பார்க்க அழகுதான். ஆனால், பூச்சி தேடி வரும். காற்றடித்தால் பயிர் சாயும். மண்ணில் மற்ற சத்துகளின் சமநிலை குலையும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2015 பிப்ரவரியில் 12 அளவீடுகளைச் சொல்லும் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமானது. பிறகு 50 கிலோ மூட்டை 45 கிலோவானது. ஆனால், விலை வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

யூரியா விலையை ஒரேயடியாக ஏற்றினால் சிறு விவசாயிதான் அடிபடுவார். படிப்படியாக மாற்றி, மிச்சமாகும் மானியத்தைப் பசுந்தாள் விதைக்கும் தொழு உரத்துக்கும் திருப்பிவிட்டால், அட்டையும் விலையும் ஒரே பேச்சைப் பேசும்.