ஏலத்துல ஜெயிச்சவன் தோத்தான்!

“ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!” - இந்தக் குரலைக் கேட்டாலே நம்மாளுங்களுக்குக் கை தானா மேலே போகும். ஆன்லைன் ஏலத்தில் குரலும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரே ஒரு க்ளிக்தான். ஆனா அந்தக் கை அரிப்பு மட்டும் அப்படியே இருக்கு!

ஏலம்னா சல்லிசா கிடைக்கும்னுதான் எல்லோரும் போறோம். ஆனா பல நேரம் நடக்கிறது தலைகீழ். கடையில் புத்தம் புதுசா, பெட்டி பிரிக்காம, வாரன்ட்டியோட கிடைக்கிற பொருளுக்கு, ஏலத்தில் கடை விலையைவிட ஜாஸ்தி கொடுத்துட்டு சந்தோஷமா போறாங்க. ஏதோ விளையாட்டுச் சாமான்னா பரவாயில்லை. வெல்டிங் செட், டிரில்லிங் மெஷின், மைக்ரோமீட்டர்னு தொழில் சாமான்லயும் இந்தக் கூத்து நடக்குது. தொழில் பண்றவங்களுக்கு விலை தெரியாதா? தெரிஞ்சும் ஏன் அதிகம் கொடுக்கிறாங்க?

மெக்கானிக்கல் படிக்கிற பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. “படிச்சு முடிச்சதும் சொந்தமா ஒரு ஒர்க்‌ஷாப் போடணும் மச்சி” என்று சொல்ல கிளாஸுக்கு நாலு பேராவது இருப்பாங்க. அவங்க முதல் மெஷின் பெரும்பாலும் கடன்லதான் வரும். அதனால இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது!

17 பேர் செய்யுற வேலை

முதல்ல, இது நிஜமாவே நடக்குதா? நடக்குதுன்னு கணக்கோட காட்டியிருக்காங்க உல்ரிகே மால்மெண்டியர், யங் ஹான் லீ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். அமெரிக்க ஈபே தளத்தில் 2004-ல் நடந்த ஏலங்களை எடுத்து அலசினாங்க. ஆராய்ச்சி 2011-ல் வெளியாச்சு.

அவங்க எடுத்துக்கிட்ட பொருள், ‘கேஷ்ஃப்ளோ 101’ என்கிற போர்டு கேம். ‘ரிச் டாட் புவர் டாட்’ எழுதின ராபர்ட் கியோசாகி உருவாக்கினது. இந்த விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறதே பணத்தை எப்படிப் புத்திசாலித்தனமா கையாள்றதுன்னுதான்! அதே ஈபேயில் இரண்டு வியாபாரிகள் இதைப் புதுசா, நிலையான விலைக்கு வித்துக்கிட்டு இருந்தாங்க. முதலில் 129.95 டாலர், அப்புறம் 139.95 டாலர். ஏலம் கேட்கிறவர் ஒரு தடவை தேடிப் பார்த்தா போதும், அந்த விலை கண்ணுல படும்.

ஆனா 42 சதவீத ஏலங்கள் அந்த விலையைத் தாண்டித்தான் முடிஞ்சது! அனுப்புற செலவையும் சேர்த்துப் பார்த்தா 73 சதவீதம். இது ஒரு விளையாட்டுப் பெட்டியோட நிக்கலை. எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஹார்டுவேர்னு பல வகைப் பொருள்களில் 1,929 ஏலங்களைப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட பாதி அப்படித்தான் இருந்திருக்கு.

சரி, அப்ப எல்லாருமே ஏமாளியா? இங்கேதான் மேட்டரே இருக்கு. அந்தப் போர்டு கேம் ஏலங்களில் கடை விலையைத் தாண்டிக் கேட்டவங்க வெறும் 17 சதவீதம் பேர்தான். மீதி 83 பேரும் உஷாரா ஒதுங்கிட்டாங்க. ஆனா ஏலம் யாருக்குப் போகும்? அதிகமா கேட்டவருக்குத்தானே! நூறு பேர் சரியா கணக்குப் போட்டாலும், ஒருத்தர் தப்பாப் போட்டா பொருள் அவருக்குத்தான். கடை, வர்றவங்க எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கொடுக்குது. ஏலம், கூட்டத்துலேயே தப்புக்கணக்குப் போட்டவரைத் தேடிப் பிடிச்சு அவர் தலையில கட்டுது!

ஜாடிக்குள்ள எவ்வளவு காசு?

இதை முதலில் கண்டுபிடிச்சவங்க நம்ம சாதிக்காரங்க... அதாவது என்ஜினீயருங்க! மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கிற உரிமையை ஏலத்தில் எடுத்த கம்பெனிகள், எதிர்பார்த்த லாபம் பார்க்கவே இல்லை. ஏன்னு ஆராய்ந்த அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு கம்பெனியின் மூணு என்ஜினீயர்கள் - கேப்பன், கிளாப், கேம்ப்பெல் - 1971-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. கடலுக்கு அடியில எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு எல்லாருமே குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும். அதில் யார் ரொம்ப மிகையா மதிப்புப் போட்டாரோ, அவரே ஜெயிக்கிறார். ஜெயிச்சதுமே மாட்டிக்கிறார். இதுக்கு ‘ஜெயிச்சவன் சாபம்’னே பேர் வந்துடுச்சு. 2017-ல் நோபல் வாங்கின ரிச்சர்ட் தேலர் இதே பெயரில் புத்தகமே எழுதியிருக்கார்.

பாஸ்டன் பல்கலைக்கழக எம்.பி.ஏ. மாணவர்களை வெச்சு பேசர்மேன், சாமுவேல்சன் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் சூப்பர். 1983-ல் வெளியானது. ஜாடி நிறைய சில்லறை போட்டு ஏலம் விட்டாங்க. ஒவ்வொரு ஜாடியிலும் இருந்த மதிப்பு 8 டாலர். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர்தான். அதாவது, பொதுவா எல்லாரும் கம்மியாத்தான் நினைச்சாங்க. ஆனா ஜெயிச்ச ஏலத்தொகையின் சராசரி 10.01 டாலர்! வகுப்பு மொத்தமும் ஜாக்கிரதையா இருந்தும், ஜெயிச்சவர் நஷ்டத்துலதான் வீட்டுக்குப் போனார்.

(உங்க ஹாஸ்டல்லயும் ஒரு பாட்டில்ல சில்லறை போட்டு செஞ்சு பாருங்க. மெஸ் பில் கட்டுற அளவுக்குத் தேறும்!)

தொழில் சாமான்ல ஏன் ஜாஸ்தி?

போர்டு கேமுக்காவது விலை எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருந்தது. தொழில் சாமானில் அந்த வசதியும் கிடையாது. பெரிய மெஷின்களுக்குப் பல கம்பெனிகள் விலையை வெளியே போடுறதில்லை. ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்றுதான் இருக்கும். போன் பண்ணணும், கொட்டேஷன் வாங்கணும், தெரிஞ்ச ஆளா இருந்தா தள்ளுபடி வேற. அமெரிக்காவில் ஏ.சி. ரிப்பேர் சாமான் விற்கிற மொத்தக் கடைகள் பலவற்றில், லைசென்ஸ் வெச்சிருக்கிற கான்ட்ராக்டருக்கு மட்டும்தான் விற்பாங்க. புதுசா தொழிலுக்கு வர்றவருக்குக் கடைக் கதவே திறக்காது. ஏலக் கதவு மட்டும் எப்பவும் திறந்தே இருக்கும்.

அப்ப அவர் விலையை எதை வெச்சு முடிவு பண்ணுவார்? பக்கத்துல ஏலம் கேட்கிறவரை வெச்சுத்தான்! “இத்தனை பேர் கேக்குறாங்கன்னா நல்ல மெஷினாத்தான் இருக்கும்” என்று நினைக்கிறார். அந்தப் பக்கம் இருக்கிறவரும் இவரைப் பார்த்து அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கார். பழம் தின்னு கொட்டை போட்ட ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு டீலர் விலை அத்துப்படி. அந்த விலை வந்ததும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவார். அவர் நிறுத்துற இடத்துலதான் புதுசா வந்தவரோட ஆட்டம் சூடு பிடிக்குது. ஆக, ஜாஸ்தி விலை கொடுக்கிறது பெரும்பாலும் கையில காசு கம்மியா இருக்கிற ஆள்தான். வேதனையான விஷயம் இதுதான்.

க்ளிக் விலை வேற, பில் விலை வேற

அடுத்த பொறி, ஏலம் முடிஞ்ச அப்புறம் வரும். பிரிட்டனில் மூடுற ஒர்க்‌ஷாப்களின் மெஷின்கள் ஆன்லைன் ஏலத்துக்கு வர்றது சர்வ சாதாரணம். அங்கே திரையில் தெரியுற விலைக்கு மேல, வாங்குறவர் ஏலக் கம்பெனிக்குத் தனியா கமிஷன் கட்டணும். அது மேலயும் வாட் வரி உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெல்டிங் செட் ஒண்ணு 600 பவுண்டுக்கு ஏலம் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 18 சதவீதம் கமிஷன்னா 108 பவுண்டு. ஆச்சா 708? அதுக்கு 20 சதவீத வாட் 141.60. மொத்தம் 849.60. வண்டி வாடகை ஒரு 60. கடைசியில் 909.60 பவுண்டு! அதே மாடல் கடையில் வரியோடு சேர்த்து 890-னு வெச்சுக்கிட்டா, 600-க்கு முடிச்சுட்டோம்னு துள்ளினவர் கடை விலையைவிட 19.60 பவுண்டு கூட கொடுத்திருக்கார். வாட் பதிவு வெச்சிருக்கிற கம்பெனி அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கலாம். பதிவு இல்லாத சின்ன ஆளுக்கு அதுவும் போச்சு. பழைய மெஷினுக்கு வாரன்ட்டியும் கிடையாது. ‘உள்ளது உள்ளபடி’தான் விற்பாங்க.

இந்தப் பலவீனம் விற்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். தன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற ஆய்வாளர்கள் ஈபேயில் சி.டி.க்களை ரெண்டு விதமா ஏலம் விட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு: ஆரம்ப விலை 4 டாலர், அனுப்புற செலவு இலவசம். இன்னொண்ணு: ஆரம்ப விலை ஒரே ஒரு சென்ட், அனுப்ப 3.99 டாலர். ரெண்டும் கூட்டினா ஒண்ணுதான். ஆனா அந்த ஒரு சென்ட் ஏலத்தில்தான் மொத்தமா அதிகக் காசு தேறுச்சு!

கடைசி நிமிஷ ஜுரம்

ரெண்டு நாளா நீங்கதான் முன்னணியில் இருக்கீங்க. மனசுக்குள்ள அந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கி, பூஜை போட்டு, முதல் ஆர்டரும் எடுத்தாச்சு. திடீர்னு ‘உங்களை முந்திவிட்டார்கள்’னு ஒரு மெசேஜ். அந்த நொடியில் மெஷினைக் கோட்டை விட்ட மாதிரி ஒரு வலி. சொந்தமாவே இல்லாத பொருளை இழந்த வலி! ‘இன்னும் அஞ்சு பவுண்டுதானே...’ என்று கை க்ளிக் பண்ணிடும். அஞ்சு அஞ்சா ஏறினா ஐம்பது ஆக எவ்வளவு நேரம் ஆகும்?

இதுல ஏல விதியும் விளையாடும். ஈபேயில் குறிச்ச நேரத்துக்கு ஏலம் டக்குனு முடியும். அதனால பலர் கடைசி நொடி வரை காத்திருந்து பாய்வாங்க. முன்னே அமேசான் நடத்தின ஏலத்தில், கடைசி பத்து நிமிஷத்துக்குள் யாராவது கேட்டா நேரம் நீண்டுக்கிட்டே போகும். இந்த வித்தியாசத்தை ஆல்வின் ராத், ஆக்ஸல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-ல் எழுதினாங்க. நேரம் நீளுற ஏலத்தில் கடைசி நொடியில் பாயறவங்க குறைவு. ஆனா ரெண்டு வீம்புக்காரங்க மாட்டினா... அவ்வளவுதான், விடிய விடிய ஜல்லிக்கட்டு!

நியாயமான காரணமும் இருக்கு

அதிக விலை கொடுத்த எல்லாரையும் முட்டாள்னு சொல்லிடக் கூடாது. திங்கட்கிழமை டெலிவரி கொடுக்கணும், புது மெஷின் வர மூணு மாசம் ஆகும்னா, பழசை அதிக விலைக்கு எடுத்தாலும் லாபம்தான். 2021-22ல் உலகம் முழுக்க உதிரி பாகத் தட்டுப்பாடு வந்தப்போ புது மெஷினுக்குக் காத்திருக்கிற நாள் எகிற, பழைய மெஷின் விலையும் சேர்ந்து எகிறிச்சு. தயாரிப்பே நின்னுபோன மாடலுக்கு ஒரு பாகம் வேணும்னாலும் வேற வழியில்லை. அப்போ கடை விலைன்னே ஒண்ணு கிடையாதே! அவசரத்துக்குத் தெரிஞ்சே காசு கொடுக்கிறவர் வேற. மலிவா வாங்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டே ஜாஸ்தி கொடுக்கிறவர் வேற.

நம்ம நாட்டுலயும் ஆன்லைன் ஏலம் புதுசு இல்லை. 1964-ல் தொடங்கின மத்திய அரசு நிறுவனம் எம்.எஸ்.டி.சி., பழைய இரும்பிலிருந்து மெஷின் வரைக்கும் இணையத்தில் ஏலம் விடுது. ஜி.எஸ்.டி., கிரேன் கூலி, லாரி வாடகை எல்லாம் இங்கேயும் பின்னாடியே வரும். அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி:

* முதல்ல மூணு கடையில் கொட்டேஷன் வாங்குங்க. கடை விலை தெரியாம ஏலத்துக்குள்ள நுழையவே கூடாது.

* கடை விலையிலிருந்து கமிஷன், வரி, வண்டி, ரிப்பேர் எல்லாத்தையும் கழிங்க. வாரன்ட்டி இல்லாததுக்கும் கொஞ்சம் கழிங்க. மிஞ்சுறதுதான் உங்க உச்ச விலை. பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க.

* கூட்டம் கூடக்கூட விலையை ஏத்தாதீங்க, இறக்குங்க! போட்டிக்கு ஆள் அதிகம்னா, ஜெயிக்கிறவர் தப்புக்கணக்குப் போட்டிருக்கிற வாய்ப்பும் அதிகம். அந்த எண்ணெய்க் கம்பெனி என்ஜினீயர்கள் சொன்னதும் இதைத்தான்.

* மெஷினை நேர்ல போய்ப் பாருங்க. முடியலைன்னா, பார்க்காத மெஷினுக்குத் தகுந்த விலைதான் கேட்கணும்.

* உங்களுக்கு மேல ஒருத்தர் கேட்டுட்டா கோபம் வேண்டாம். உங்க தலையில விழ இருந்ததை அவர் வாங்கிக்கிட்டாரோ என்னவோ... மனசுக்குள்ள ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு அடுத்த ஏலத்தைப் பாருங்க பாஸ்!