கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு போங்கள்

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது 2018 மே 22 அன்று. அந்த ஆலையின் விரிவாக்கத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்றது மறுநாள். உயிர்கள் போன பிறகு வந்த அந்த உத்தரவு சொன்ன உரிமை, 1997 முதலே சட்டத்தில் இருக்கிறது.

பெரிய சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். சிறியவற்றை மாநில அளவிலான ஆணையம் பார்க்கிறது. அனுமதிக்கு முன், விலக்கு பெற்றவை தவிர மற்ற திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த மாவட்டத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பல ஊர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாம் போகாவிட்டால் கூட்டம் நின்றுவிடும் என்று நம்பிப் புறக்கணிக்கிறார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று விதியே கிடையாது. ஊரே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. டெல்லியில் பரிசீலிக்கும் நிபுணர் குழு உங்கள் கிணற்றையோ வயலையோ பார்க்காமலே முடிவெடுக்கக்கூடும். அதன் முன் இருப்பவை நிறுவனத்தின் அறிக்கையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும்தான். ஆகவே மைக்கில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கிணறு, எந்த ஓடை, அறிக்கையில் எந்தப் பக்கம் தவறு என்று எழுதி, கையெழுத்திட்டு, வாரியத்திடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்களும் எழுத்தில் அனுப்பலாம். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் விதி. வாசிக்கும்வரை கலையாதீர்கள், விட்டுப்போனதை அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் காலக்கெடு மிகக் குறுகியது: 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இது போதாது என்பதே என் கருத்து. மாற்றும்வரை இதற்குள்தான் போராட வேண்டும். அனுமதி ஆணைகள் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் வெளியாகின்றன. உங்கள் ஊரில் படித்த பிள்ளை ஒருவரிடம் அதை வாரந்தோறும் பார்க்கும் பொறுப்பை இன்றே கொடுங்கள்.