பேட் (மின்சுற்றுப் பலகை)

பேட் என்பது அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் ஒரு மின்னணு உறுப்பின் காலைப் பற்றாசு கொண்டு பொருத்துவதற்காக விடப்படும் செப்புத் திட்டு ஆகும். பலகை வடிவமைப்பு மென்பொருள்களில் ஓர் உறுப்புக்கு உரிய பேட்களின் தொகுதி ஃபுட்பிரிண்ட் எனப்படுகிறது. கைகேட் போன்ற மென்பொருள்களுடன் ஏராளமான ஃபுட்பிரிண்ட்கள் வழங்கப்படுகின்றன. அவற்றுள் இல்லாத உறுப்புக்குப் பயனரே பேட்களை இட்டு ஃபுட்பிரிண்டை உருவாக்க வேண்டும்.

வகைகள்

- துளைப் பேட்: உறுப்பின் கால் பலகையை ஊடுருவிச் செல்லும். துளையைச் சுற்றிச் செப்பு வளையம் இருக்கும்.
- மேற்பரப்புப் பேட்: இதில் துளை இல்லை. உறுப்பு பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்றவைக்கப்படும்.

அளவு

துளையின் விட்டம் காலின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருத்தல் வேண்டும். ஈரிணை வரிசைத் தொகுப்புச்சுற்றுகளுக்கு 0.8 மி.மீ. துளையும் 1.6 மி.மீ. விட்டமுள்ள பேடும் பரவலாகப் பயன்படுகின்றன. இதில் துளையைச் சுற்றி 0.4 மி.மீ. அகல வளையம் எஞ்சும். துளையிடும் கருவி சிறிது விலகினால் ஒரு பக்கத்து வளையம் குறுகும். எனவே வளையத்தை மிகவும் ஒடுக்கி அமைத்தல் கூடாது.

இடும் முறை

எட்டுக் கால் தொகுப்புச்சுற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடுத்தடுத்த கால்களின் இடைவெளி 2.54 மி.மீ., இரு வரிசைகளின் இடைவெளி 7.62 மி.மீ. ஆகும். முதலில் மென்பொருளின் கட்டவலையை 2.54 மி.மீ. என அமைக்க வேண்டும். இரு வரிசைகளின் இடைவெளி இதன் மும்மடங்கு ஆதலால் எல்லாப் பேட்களும் வலைப்புள்ளிகளிலேயே அமையும். மேலிருந்து பார்க்கையில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 4 வரையும், வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5 முதல் 8 வரையும் எண்ணிட வேண்டும். முதற்காலை அடையாளம் காண அதன் பேடைச் சதுரமாக அமைப்பது வழக்கம்.

நேரும் பிழைகள்

இடைவெளியை 2.5 மி.மீ. எனச் சுருக்குவது எட்டுக் கால்களில் பெரிதாகத் தெரியாது. 40 கால் தொகுப்புச்சுற்றில் ஒரு வரிசைக்கு 19 இடைவெளிகள் உள்ளதால் பிழை 0.76 மி.மீ. ஆகப் பெருகிக் கால்கள் துளைகளில் நுழையா.

எண்பிழை இதனினும் கொடியது. பிசி547, 2என்3904 ஆகிய திரிதடையங்களின் உருவம் ஒன்றே. தட்டையான முகத்தைப் பார்க்கையில் இடமிருந்து வலமாக முன்னதன் கால்கள் ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என்றும், பின்னதன் கால்கள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்றும் அமையும். ஒன்றன் ஃபுட்பிரிண்டை மற்றதற்கு இட்டுவிட்டால் திரிதடையத்தைத் திருப்பிப் பொருத்திச் சரிசெய்யலாம். ஆனால் உறுப்பைக் கீழிருந்து காட்டும் படத்தை மேலிருந்து காட்டுவதாகக் கருதி, ஒரு மேற்பரப்புத் தொகுப்புச்சுற்றின் பேட்களை ஆடிப் பிம்பமாக இட்டுவிட்டால், அதை எத்திசையில் திருப்பினாலும் பொருந்தாது.

சரிபார்த்தல்

மென்பொருளின் விதிச் சோதனை செப்புகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் விடுபட்ட இணைப்புகளையும் காட்டும். கையிலுள்ள உறுப்பின் கால் வரிசையை அது அறியாது. பிழையான எண்ணுடைய ஃபுட்பிரிண்டும் அச்சோதனையில் தேறிவிடும். ஆகவே பலகையைத் தயாரிப்புக்கு அனுப்புமுன் வடிவமைப்பை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அதன் மேல் உறுப்பை வைத்து, தரவுத்தாளுடன் ஒவ்வொரு காலையும் ஒப்பிடுதல் நன்று. தாளில் கண்ட பிழையைச் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். தயாரான பலகைகளில் காணும் பிழையால் அவை அனைத்தும் வீணாகக்கூடும்.