‘லாம்’ படுத்திய பாடு

மொழி விஷயத்தில் அரசியல் நிர்ணய சபை செய்த ஏற்பாட்டைச் சமரசம் என்று சொல்வது வழக்கம். ஆனால் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த அந்த விவாதத்தை நிதானமாகப் படிப்பவருக்கு, அது வழக்கை முடித்த தீர்ப்பாகத் தோன்றாமல், பதினைந்து வருஷ வாய்தா கொடுத்து ஒத்திவைத்த உத்தரவாகவே தோன்றும். கே. எம். முன்ஷியும், தஞ்சை ஜில்லாவில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த திட்டப்படி, தேவநாகரி லிபியில் எழுதப்படும் ஹிந்தி யூனியனின் ஆட்சிமொழி ஆயிற்று; ஆங்கிலமும் பதினைந்து வருஷம் கூடவே நீடிக்கும் என்றாயிற்று; ‘தேசிய மொழி’ என்ற பட்டத்தையோ அரசியல் சட்டம் எந்த மொழிக்குமே சூட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அங்கே மனக்கசப்பை வளர்த்ததில் எழுத்துக்குச் சளைக்காத பங்கு எண்ணுக்கும் இருந்தது. நாகரி இலக்கங்களே வேண்டுமென்று புருஷோத்தம் தாஸ் டாண்டன் முதலியோர் மன்றாட, தென்னாட்டவர் 1, 2, 3 என்று உலகம் எழுதுகிறபடியே எழுதவேண்டுமென்று பிடிவாதமாக நிற்க, முடிவில் 343-ஆம் ஷரத்தில் ‘இந்திய இலக்கங்களின் சர்வதேச வடிவம்’ என்ற தொடர் குடியேறிற்று. இந்தியாவில் பிறந்து, அரபு தேசத்தின் வழியே ஐரோப்பா போய்த் திரும்பிய எண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெருமையையும் புகுந்த வீட்டுப் பெருமையையும் ஒருங்கே அளித்த அந்தத் தொடரை இயற்றியவர், சம்பந்திச் சண்டை தீர்ப்பதில் மகா சமர்த்தராக இருந்திருக்க வேண்டும்.

வாய்தா நாள் நெருங்க நெருங்கக் கவலையும் வளர்ந்தது. பி. ஜி. கேர் தலைமையில் 1955-இல் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில், டாக்டர் பி. சுப்பராயனும் வங்காளத்து மொழிநூற் புலவர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினர். ஹிந்தி பேசாத மக்கள் வேண்டும் வரையில் ஆங்கிலம் இருக்கும் என்று 1959-இல் நேரு வாக்களித்தார். அந்த வாக்கைச் சட்டமாக்க வந்த 1963-ஆம் வருஷத்து மசோதாவோ, 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் ‘நீடிக்கும்’ என்னாமல் ‘நீடிக்கலாம்’ என்றது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று நேரு சமாதானம் சொல்ல, அப்படியானால் ‘நீடிக்கும்’ என்றே எழுதிவிடலாமே என்று ராஜ்ய சபையில் அண்ணாதுரை கேட்டார். கேள்வி நியாயமானது. ‘வரலாம்’ என்று சொல்லிப் போன விருந்தாளிக்கு உலை வைப்பவர் யார்?

அந்த ‘லாம்’ எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை 1965-இன் முதல் இரண்டு மாதங்கள் அறியும். ஜனவரி 25-இல் மதுரையில் மூண்ட கலவரம் ராஜ்யமெங்கும் பரவிற்று; இளைஞர்கள் தீக்குளித்தனர்; துப்பாக்கிகள் வெடித்தன; மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தனர். நேருவின் வாக்கைக் காப்பாற்றுவதாகப் பிரதம மந்திரி சாஸ்திரி வானொலியில் உறுதி கூறினார். ஆயினும் அது சட்டத்தில் ஏறியது 1967 இறுதியில் நிறைவேறிய திருத்தத்தினால்தான். ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ராஜ்யங்களின் சட்டசபைகள் அத்தனையும் தீர்மானம் செய்து, பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அவ்வாறே செய்தாலொழிய, ஆங்கிலத்தை அகற்ற முடியாது என்றாயிற்று.

மத்திய அலுவலகங்களில் ஹிந்தியை வழங்கும் முறைகளை வகுக்க 1976-இல் ஆட்சிமொழி விதிகள் பிறந்தன. அவற்றின் முதல் விதியே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று சொல்கிறது. அங்கே ‘லாம்’ இல்லை.