மருத்துவமும் பொறுப்புடைமையும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் சிறிதும் பெரிதுமாக மருத்துவமனைகள் பல உள்ளன. நோயுற்றோர் முன்பின் அறியாத மருத்துவரிடம் தம் உயிரையே ஒப்படைக்கின்றனர். அளிக்கப்படும் மருத்துவம் தக்கதா எனச் சீர்தூக்கிப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. எனவே, அவர்கள் சார்பில் மருத்துவத் தொழிலைக் கண்காணிக்கும் கடமை சட்டத்திற்கு உரியதாகிறது.

பதிவேடும் விதிகளும்

அன்றைய சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டு மருத்துவர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி இயங்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரும்பாக்கத்தில் அமைந்துள்ளது. ஆங்கில மருத்துவம் செய்வோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் குறிப்பிட வேண்டும். நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். விதி மீறியவரின் பெயரைக் குறிப்பிட்ட காலத்திற்கோ நிலையாகவோ பதிவேட்டிலிருந்து நீக்கலாம். தேசிய அளவில் இந்திய மருத்துவக் கவுன்சில் ஆற்றிவந்த பணியை 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் ஆற்றிவருகிறது.

இழப்பீட்டு உரிமை

கவுன்சிலின் நடவடிக்கை மருத்துவரின் தொழிலுரிமையைக் கட்டுப்படுத்துமேயன்றி, பாதிக்கப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்யாது. ஆகவே, 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத்திற்கும் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. நோயறிதலும் மருத்துவம் செய்தலும் அச்சட்டம் கூறும் ‘சேவை’ ஆகா எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், இக்கருத்தை மறுத்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் சேவையே என்றது. கட்டணம் செலுத்துவோரும் செலுத்த இயலாதோரும் ஒருங்கே மருத்துவம் பெறும் இடத்தில் ஏழை நோயாளிக்கும் அவ்வுரிமை உண்டு என்றது. அனைவருக்கும் இலவசமாக மருத்துவம் அளிக்கும் இடங்கள் மட்டும் விலக்குப் பெற்றன. இன்று நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆவடியில் வாழ்பவருக்குத் திருவள்ளூரே போதுமானது.

நடுவுநிலை

நோய் தீராமை எல்லாம் மருத்துவரின் தவறன்று. கடுமையான கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடரலாகாது என்றும், அதற்குமுன் விசாரணை அலுவலர் சார்பற்ற மருத்துவ வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2005இல் வரையறுத்தது. வழக்கிற்கு அஞ்சி மருத்துவர் அரிய அறுவைச் சிகிச்சையைத் தவிர்ப்பாராயின், இழப்பு நோயாளிக்கே.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறுகளாக்கி, நோயுற்றவரை முதலில் வைக்கிறது. மருந்துச் சீட்டிலுள்ள பதிவு எண்ணைப் படித்தறிவதும், மருத்துவ ஆவணங்களைப் பேணுவதும், ஐயம் எழுந்தால் வினவுவதும் அம்முதற்கூற்றினரின் கடமைகளாகும்.